இரண்டாவது மூக்கு

மே 18, திங்கள்

அண்ணிக்கு,

நான்தான் எழுதுகிறேன். பதினோரு தடவை போன் அடித்தேன். கடைசி இரண்டு தடவை மணி முழுசாக அடிக்கக்கூட விடாமல் பாதியிலேயே வெட்டிவிட்டீர்கள். சரி, காகிதத்தைப் பாதியில் வெட்ட முடியாது, கிழிக்கத்தான் முடியும், கிழிப்பதற்குள் நாலு வரியாவது கண்ணில் படாதா என்றுதான் எழுத உட்கார்ந்தேன்.

நேற்று வந்திருந்தேன். உங்களுக்குத் தெரியும். ஊருக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் பார்த்த அண்ணன் வீட்டுக்கு மூன்று மாடி படி ஏறித்தானே வர வேண்டும், ஏறி வந்து நாற்பது நிமிடம் கதவு முன்னால் நின்றேன். உள்ளே குழாய் திறக்கும் சத்தம் கேட்டது, மூடும் சத்தம் கேட்டது. அம்மா செருப்பைத் தேய்த்துத் தேய்த்து நடப்பாளே, அது கதவு வரைக்கும் வந்து நின்றது. "அம்மா, நான்தான்" என்றேன். "இங்க யாரும் இல்ல" என்றாள். பெற்றவள் உள்ளே நின்றுகொண்டே யாரும் இல்லை என்கிறாள். அண்ணன் இருந்திருந்தால் அதையே ஒரு வாரத்துக்குச் சொல்லிக் காட்டிச் சிரித்திருப்பான்.

அவன் போய் ஒரு மாதமும் இரண்டு நாளும் ஆகிறது. காட்டுப் பூண்டுக் கீரை என்று நான் கொண்டுவந்து கொடுத்த இலையால் போனான். இதை நான் எழுதாவிட்டால் நீங்கள் எழுதுவீர்கள், அதனால் நானே எழுதிவிடுகிறேன்.

சுகாதார அலுவலகத்திலிருந்து ஒரு அதிகாரியம்மா எங்கள் செடி நர்சரிக்கு வந்தார்கள். பின்னால் ஓடைக்கரையில் நான் பறித்த இடத்தைக் காட்டச் சொன்னார்கள். அங்கிருந்து இரண்டு இலையைப் பறித்துவந்து மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒரே நீளம், ஒரே பச்சை. "இதுல எது பூண்டு இலை, சொல்லுங்க" என்றார்கள். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. கசக்கி முகர்ந்தால் ஒன்றில் பூண்டு வாசனை அடித்தது, மற்றதில் ஒன்றுமே இல்லை. ஒன்றுமே இல்லாததுதான் விஷம். அதற்கு ஒரு பெயரும் சொன்னார்கள், நான் எழுதிக்கொள்ளவில்லை.

இங்கே எல்லோரும் என்னைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது. செடிக் கடையில் இருந்துகொண்டு செடி தெரியவில்லையா என்கிறார்கள். நான் தொட்டியில் மண் நிரப்புகிறவள் அண்ணி. ஆறு வருடமாக மண்தான். செடியை நடுவது வேறு ஆள், பெயர்ச்சீட்டு குத்துவது வேறு ஆள். இதை யாரிடம் போய்ச் சொல்ல.

எனக்கு அம்மாவைப் பார்க்க வேண்டும். திட்டட்டும், அடிக்கட்டும், யாரும் இல்லை என்று மட்டும் சொல்ல வேண்டாம். நீங்கள் சொன்னால் கேட்பாள். ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

கட்டெறும்பு
(அண்ணன் வைத்த பெயர். இப்போது கூப்பிட ஆள் இல்லை, நானாவது எழுதிக்கொள்கிறேன்.)


மே 26

நாத்தனாருக்கு,

உன் கடிதம் வந்தது. கிழிக்கவில்லை. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், எழுத்து கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்.

நீ கேட்டதற்குப் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அத்தையிடம் உனக்காக நான் பேச மாட்டேன்.

மூன்று வருடமாக அந்த இலையைச் சாப்பிடுகிறோம். குளிர் முடிந்ததும் நீ பையைத் தூக்கிக்கொண்டு வருவாய். அவருக்கு அதை முட்டையோடு வதக்கிக் கொடுத்துவிட்டால் போதும், வேறு எதுவும் வேண்டாம். முதல் வருடமே நாம் பேசி வைத்த முறை என்ன. பறிக்கும்போது நீ ஒவ்வொரு இலையையும் கசக்கி முகர வேண்டும். கழுவும்போது நான் ஒவ்வொன்றையும் கிள்ளி முகர வேண்டும். நீ முதல் மூக்கு, நான் இரண்டாவது மூக்கு என்று அவர் பெயரே வைத்தார். "ரெண்டு மூக்கு தாண்டி வந்தாத்தான் என் வாய்க்கு வரும், எனக்கென்ன பயம்" என்பார்.

முதல் மூக்கு நீ. உன்னைத் தாண்டித்தான் அது என் வீட்டுக்கு வந்தது.

அன்று நீ மூன்று மணி பஸ்ஸுக்குப் போய்விட்டாய். அதற்குப் பிறகு நடந்தது உனக்குத் தெரியாது, தெரிந்துகொள். ஆறரைக்குச் சாப்பிட உட்கார்ந்தார். அத்தைக்குப் பல் பிடுங்கியிருந்தது, கஞ்சி குடித்தார்கள். எனக்கு வேலையிடத்தில் சாப்பிட்டதே வயிற்றில் இருந்தது. "உன் பங்கை என்ன பண்ண" என்று கேட்டார். "நீங்களே முடிச்சிடுங்க, பாத்திரம் கழுவணும்" என்றேன். இதை யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடம் எதற்குச் சொல்கிறேன் என்றும் தெரியவில்லை.

திங்கள் காலையில் வாந்தி. லிஃப்ட் குழிக்குள் தலைகீழாகத் தொங்கினால் வயிறு இப்படித்தான் என்று சிரித்தார். செவ்வாய்க்கிழமை கொஞ்சம் தேறினார். அதுதான் மோசம். எழுந்து உட்கார்ந்து, "நீ ஏன் பேய் மாதிரி இருக்கே, தலையைச் சீவு" என்றார். தேறிவிட்டார் என்று நானும் தலையைச் சீவினேன். புதன்கிழமை நிற்க முடியவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னென்ன சாப்பிட்டார் என்று வரிசையாகக் கேட்டு எழுதிக்கொண்டே வந்தார். ஞாயிற்றுக்கிழமை, காட்டுக் கீரை என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அவர் பேனாவைக் கீழே வைத்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. வியாழக்கிழமை மத்தியானம் முடிந்துவிட்டது.

அத்தை என்ன சொல்கிறார்கள் தெரியுமா. "என் வயித்துல பொறந்தது ரெண்டு. ஒண்ணு இன்னொண்ணைத் தின்னுடுச்சு." இதைத் தினமும் கேட்டுக்கொண்டு நான் எப்படி உனக்காகப் பேச.

வராதே. வந்தாலும் கதவு திறக்காது.

உன் அண்ணன் பெண்டாட்டி


ஜூன் 1

அண்ணிக்கு,

அம்மா சொன்னதை ஒரு எழுத்து குறையாமல் எழுதி அனுப்பியதற்கு ரொம்ப சந்தோஷம். மண் நிரப்பும் கொட்டகையில் நின்று படித்தேன். படித்துவிட்டு நூற்று இருபது தொட்டியை விளிம்பு வரைக்கும் நிரப்பிவிட்டேன், செடி வைக்கவே இடம் இல்லாமல். மேஸ்திரி வந்து எல்லாவற்றையும் கொட்டச் சொன்னார்.

முதல் மூக்கு, முதல் மூக்கு என்று இத்தனை தடவை சொல்கிறீர்களே, நானும் ஒன்று கேட்கட்டுமா. அன்றைக்கு இரண்டாவது மூக்கு எங்கே போயிருந்தது அண்ணி? சந்தைக்கா? என் பையிலிருந்து நேராகவா அவன் வாய்க்குப் போனது? நடுவில் உங்கள் கை இருந்தது, தண்ணீர்த் தொட்டி இருந்தது, நீங்கள் கழுவிய அரை மணி நேரம் இருந்தது. அம்மாவுக்கு அது மட்டும் ஏன் கண்ணில் படவில்லை?

எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன். அடித்தாலும் அடியில் இருப்பது தெரியத்தான் போகிறது, இருக்கட்டும்.

எனக்கு இங்கே ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. லீவு நாளில் பஸ் ஏறி உங்கள் தெருமுனை வரைக்கும் வந்து, இறங்காமல் அதே பஸ்ஸில் திரும்பிவிடுகிறேன். மூன்று தடவை ஆகிவிட்டது. டிரைவர், "யாரைம்மா பாக்க வர்றே, இறங்கவே மாட்டேங்கிறே" என்றார். "பஸ்ஸைத்தான் பாக்க வர்றேன்" என்றேன். "நல்லாப் பாத்துக்கோ, அடுத்த மாசம் இதை மாத்தப் போறாங்க" என்கிறார். அவருக்கு என்ன தெரியும்.

கேட்டதற்குப் பதில் எழுதுங்கள்.


ஜூன் 9

நாத்தனாருக்கு,

கேட்டாய், சொல்கிறேன்.

நீ போனதும் பையைத் தொட்டியில் கொட்டினேன். அறுபது எழுபது இலை இருக்கும். ஒவ்வொன்றாகத்தான் எடுத்தேன். ஒவ்வொன்றையும் கிள்ளினேன், மூக்குக்குக் கொண்டுபோனேன். எல்லாவற்றிலும் பூண்டு வாசனை அடித்தது. வாசனை இல்லாத இலை என்று ஒன்றுகூடக் கைக்கு வரவில்லை. யார் தலையில் அடித்து வேண்டுமானாலும் சத்தியம் செய்கிறேன். இதில் பொய் ஒரு எழுத்து இல்லை.

வேலைக்குப் போக ஆரம்பித்துவிட்டேன். அதே கேன்டீன், அதே நானூறு பேர், அதே காய் நறுக்கும் மேஜை. வெங்காயத்தை என் பக்கமே தள்ளி வைக்கிறார்கள். அழுதால் யாரும் எதற்கு என்று கேட்க வேண்டியதில்லை பார்.

வீட்டில் எனக்கும் உட்கார முடியவில்லை. அலமாரியைக் காலி செய்து அடுக்குகிறேன், மறுபடி காலி செய்கிறேன். அவருடைய ஸ்பேனர்களை அளவு வாரியாக அடுக்கினேன், பிறகு அவர் வைத்திருந்த மாதிரியே கலைத்து வைத்தேன். அத்தை, "கொஞ்சம் உக்காரும்மா, உன்னைப் பாத்தா எனக்குத் தலை சுத்துது" என்கிறார்கள். நேற்று என் கால்களைத் தன் மடியில் எடுத்து வைத்து அமுக்கிவிட்டார்கள். நான் வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. "நீயும் இல்லேன்னா நான் யாரைப் பாத்துட்டு உக்காருவேன்" என்றார்கள்.

அத்தையைப் பற்றி நீ கவலைப்பட வேண்டாம். நான் இருக்கிறேன். அந்த இலையைப் பற்றி இனி என்னிடம் கேட்காதே.


ஜூன் 15

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. நீங்கள் சத்தியம் செய்கிறீர்கள். நான் செய்ய முடியாது. அதனால் சொல்லிவிடுகிறேன்.

அன்று காலை பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஓடைக்கரையில் நாம் எப்போதும் பறிக்கிற இடத்தில் யாரோ முன்னாலேயே வந்து மொட்டையாகப் பறித்துவிட்டுப் போயிருந்தார்கள். கொஞ்சம் மேலே ஏறினேன். அங்கே பாய் விரித்தது போல அடர்த்தியாக இருந்தது. முதல் பத்து இலையைக் கசக்கிப் பார்த்தேன், நன்றாக வாசனை அடித்தது. அப்போது பஸ் திருப்பத்தில் ஹாரன் அடித்தது. அதற்குப் பிறகு நான் முகரவில்லை அண்ணி. கொத்துக் கொத்தாகப் பிடித்து இழுத்துப் பையில் திணித்தேன். "அண்ணிதான் ஒவ்வொண்ணாப் பாப்பாங்களே" என்று வாய்விட்டே சொன்னேன். தனியாக நின்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன்.

இரண்டு மூக்கு இருக்கிறது என்ற தைரியத்தில்தான் ஒரு மூக்கை வீட்டில் விட்டுவிட்டுப் போனேன். இரண்டு பேர் பார்ப்பதால்தான் ஒருத்தி பார்க்காமல் விட்டேன். என் ஒருத்தியின் பொறுப்பாக மட்டும் இருந்திருந்தால், பஸ் போனால் போகட்டும் என்று நின்றிருப்பேன்.

எல்லாவற்றிலும் வாசனை அடித்தது என்று எழுதியிருந்தீர்களே, அதை அந்த அதிகாரியம்மாவிடம் கேட்டேன். ஒரே பையில் நசுங்கிக் கிடந்தால் ஒன்றின் வாசனை மற்றதில் ஒட்டும் என்றார்கள். அப்படித்தான் இருக்கும். அதனால் உங்கள் மேல் ஒன்றும் இல்லை. போன கடிதத்தில் சந்தைக்கா என்று கேட்டதற்கு என்னைச் செருப்பால் அடியுங்கள்.

இந்தக் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டுங்கள். தெரியாமல் செய்தேன் என்று நினைத்தே கதவைத் திறக்காதவள், தெரிந்தால் என்ன செய்வாளோ. செய்யட்டும். மறைத்து வைத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வேண்டாம்.


ஜூன் 24

கட்டெறும்புக்கு,

கடிதம் கிடைத்தது. அத்தைக்குப் படித்துக் காட்டவில்லை. ஏன் என்று கேட்காதே.

சுகாதார அலுவலகத்திலிருந்து எனக்கும் ஒரு தாள் வந்திருக்கிறது. நான் முதலில் சொன்னதையெல்லாம் டைப் அடித்து அனுப்பியிருக்கிறார்கள். சரியாக இருந்தால் கையெழுத்துப் போட வேண்டுமாம். சரியாகத்தான் இருக்கிறது. பேனாவை எடுக்கிறேன், அடுப்பில் ஏதோ வைத்த ஞாபகம் வந்து எழுந்து போகிறேன். அடுப்பில் ஒன்றும் இருப்பதில்லை.

நீ ஒழுங்காகச் சாப்பிடு. நகத்துக்குள் மண் போனால் அப்படியே விடாதே, புண்ணாகிவிடும்.


ஜூன் 29

அண்ணிக்கு,

கட்டெறும்பு என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் சந்தோஷம் வர வேண்டும், பயம்தான் வந்தது. திட்டி நாலு பக்கம் எழுதுவீர்கள் என்று நினைத்தேன். நகத்தைக் கழுவச் சொல்லி எழுதியிருக்கிறீர்கள். என்ன அண்ணி இது?

என் மேல் இரக்கமா? எனக்கு அது வேண்டாம். மண்ணள்ளும் கொட்டகையில் எல்லோரும் அதைத்தான் தருகிறார்கள், டீயில் கூடக் கலந்து தருகிறார்கள்.

ஜூலை 12 ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். பஸ்ஸைப் பார்க்க இல்லை, இறங்கத்தான். கதவைத் திறந்தால் உள்ளே வந்து சொல்கிறேன். திறக்காவிட்டால் படியில் நின்று மூன்று மாடிக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறேன், நான் முகர்ந்து பார்க்கவில்லை என்று. அம்மா காதில் விழுந்தால் போதும்.


ஜூலை 6

கட்டெறும்புக்கு,

நீ படியில் நின்று கத்த வேண்டாம். அதற்கு முன்னால் நான் சொல்ல வேண்டியது இருக்கிறது. எழுதி முடிக்கும் வரை எழுந்திருக்கக் கூடாது என்று கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.

ஏப்ரல் முதல் வாரம் எங்கள் கேன்டீனில் பூண்டு உரிக்கும் மெஷினின் பெல்ட் அறுந்துபோனது. ஆள் வந்து பார்க்கப் பத்து நாள் ஆகும் என்றார்கள். நானூறு பேர் சமையல் நிற்குமா. நாங்கள் மூன்று பெண்கள் கையால் உரித்தோம். ஒரு நாளைக்கு ஆளுக்கு ஐந்து கிலோ. நகக்கண்ணெல்லாம் எரியும். எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த வாசனை போகாது, தோலுக்குள்ளேயே ஊறிவிடும். நீ வந்த ஞாயிற்றுக்கிழமையும் காலையில் போய் உரித்துவிட்டுத்தான் வந்தேன். அவர் என் கையைத் தள்ளிவிட்டு, "கிட்ட வராதே, நானும் பூண்டாயிடுவேன்" என்று சிரித்தது உனக்கு ஞாபகம் இருக்கும். நீயும் சிரித்தாய். அத்தையும் சிரித்தார்கள். எல்லோருக்கும் தெரிந்ததுதான். அந்தக் கையால்தான் இலையைக் கிள்ளினேன். அந்த விரலைத்தான் மூக்கில் வைத்தேன்.

அவர் போனபோது இது எனக்குத் தோன்றவே இல்லை. என்னை நம்பு. மே மாதம் உனக்கு எழுதியபோது உன் மேல்தான் தப்பு என்று மனசாரத்தான் எழுதினேன்.

ஜூன் 8ஆம் தேதி மெஷின் மறுபடி நின்றது. மறுபடி உரித்தோம். சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் நின்றிருந்தேன். என் கை சும்மா இருக்க மாட்டேன் என்கிறதே, பக்கத்து வேலியில் ஒரு இலையைக் கிள்ளினேன். பழக்கத்தில் மூக்குக்குக் கொண்டுபோனேன். பூண்டு. வேலிச் செடியில் எப்படிப் பூண்டு. இன்னொன்றைக் கிள்ளினேன். பூண்டு. கீழே குனிந்து புல்லைப் பிடுங்கி முகர்ந்தேன். பூண்டு. பையிலிருந்து பழைய டிக்கெட்டை எடுத்துக் கசக்கினேன், அதிலும் அதேதான். பக்கத்தில் நின்ற ஆள் தள்ளி நின்றுகொண்டார். பஸ் வந்தது, போனது. அடுத்ததும் போனது.

மறுநாள்தான் உனக்கு அந்தக் கடிதம் எழுதினேன். எல்லாவற்றிலும் பூண்டு வாசனை அடித்தது, பொய் ஒரு எழுத்து இல்லை என்று.

எதற்கு என்று கேட்பாய். அதற்கு முந்தின நாள் பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு வந்தபோது அத்தை என் காலை எடுத்து மடியில் வைத்தார்கள். அவ்வளவுதான். எனக்கு அப்பா அம்மா இல்லை. அவரும் இல்லை. கதவைத் திறந்தால் உள்ளே செருப்புச் சத்தம் கேட்கிறது, அது அத்தை. அத்தையின் கோபம் உன் மேல் இருக்கிற வரைக்கும் என் மேல் வராது. நீ மகள், எப்படியும் ஒரு நாள் சேர்த்துக்கொள்வார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பிறகு உன் கடிதம் வந்தது. உங்கள் மேல் ஒன்றும் இல்லை என்று எழுதியிருந்தாய். அதை வேலை ஏப்ரன் பையில் போட்டுக்கொண்டு பத்து நாள் அலைந்தேன். எடுத்துக் காட்டினால் போதும், எனக்கு விடுதலை. காட்டவும் முடியவில்லை, கிழிக்கவும் முடியவில்லை.

அத்தையிடம் சொல்லிவிட்டு மிச்சத்தை எழுதுகிறேன்.


ஜூலை 9

சொல்லிவிட்டேன்.

அத்தை தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். நான் நின்றபடியே சொன்னேன். மெஷின், பூண்டு, பஸ் நிறுத்தம், உன் கடிதம் எல்லாவற்றையும். துடைப்பதை நிறுத்தவில்லை. கடைசித் தட்டையும் வைத்துவிட்டு, "கையைக் காட்டு" என்றார்கள். நீட்டினேன். பிடித்து மூக்குக்கிட்டே கொண்டுபோனார்கள். ஒவ்வொரு விரலாக முகர்ந்தார்கள். "சோப்பு வாசனைதான் வருது" என்றார்கள். இரவல் வாங்கிய பாத்திரத்தைத் திருப்பி வைப்பது போல என் கையைக் கீழே விட்டார்கள்.

அப்புறம் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்தார்கள். நான் எதிரிலேயே நின்றேன்.

"கீரை உனக்குத் தெரியாம நடந்துச்சு. அவளுக்கும் தெரியாமதான் நடந்துச்சு" என்றார்கள். "ஒரு மாசமா என் பொண்ணைப் பத்தி நான் பேசினதையெல்லாம் கேட்டுட்டு எதிர்ல உக்காந்து சோறு தின்னியே. இது தெரிஞ்சுதானே செஞ்சே?"

ஆமாம் என்றேன்.

உள்ளே போய்ப் பையை எடுத்தார்கள். இரண்டு நாளாகத் துணியை வைக்கிறார்கள், எடுக்கிறார்கள். இன்றைக்கு ஜிப்பை மூடிவிட்டார்கள். சனிக்கிழமை காலை பஸ்ஸுக்கு உன்னிடம் வருகிறார்கள். பஸ் நேரத்தை மட்டும் உனக்குப் போனில் சொன்னேன், உனக்கு ஒன்றும் புரிந்திருக்காது. அந்த அலுவலகத் தாளையும் திருத்தி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன். இந்தக் கடிதத்தை அத்தை கையிலேயே கொடுத்தனுப்புகிறேன். "நான் பிரிச்சுப் படிக்க மாட்டேன்" என்றார்கள். படித்தாலும் பரவாயில்லை.

சில விஷயம் உனக்குத் தெரிய வேண்டும். வெள்ளை மாத்திரை காலையில், மஞ்சள் மாத்திரை சாப்பிட்ட பிறகு. பல் பிடுங்கிய பக்கம் மெல்ல மாட்டார்கள், சோற்றைக் குழைவாக வை. அப்புறம் ஒன்று. அவர் போன நாளிலிருந்து அத்தை, முன்னால் ஒருவர் சாப்பிட்டுக் காட்டாமல் எதையும் வாயில் வைப்பதில்லை. வெறும் சோறானாலும் சரி. நான் எதிரில் உட்கார்ந்து முதல் வாய் சாப்பிடுவேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். பிறகு தட்டை இழுத்துக்கொள்வார்கள். இதை நான் கேட்டதும் இல்லை, அவர்கள் சொன்னதும் இல்லை. இனி நீ செய்ய வேண்டும். அவசரப்படாமல் சாப்பிட்டுக் காட்டு.

உன் அண்ணி


ஜூலை 15

அண்ணிக்கு,

அம்மா வந்துவிட்டாள். பையோடு இறங்கி, என்னைப் பார்த்து, "இவ்வளவு கறுத்துட்டியே" என்றாள். அதோடு சரி, அழவில்லை. விடுதி அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இதுல கட்டில் மட்டும்தான் இருக்கு, நீ எங்க இருக்கே" என்றாள். ராத்திரிக்கு அவள் கட்டிலில், நான் கீழே. என் தலையில் கை வைத்துக்கொண்டுதான் படுக்கிறாள், நான் எழுந்து ஓடிவிடுவேன் என்பது போல.

உங்கள் கடிதத்தைப் படித்தேன். முதல் நாள் வந்த கோபத்தில் பதில் எழுதியிருந்தால் காகிதம் பற்றி எரிந்திருக்கும். ஏப்ரலுக்காக இல்லை. ஜூன் எட்டுக்குப் பிறகு நாலு வாரம் தெரிந்தே என்னை வெளியில் நிறுத்தினீர்களே, அதற்கு. அதை மறந்துவிட்டேன் என்று எழுத மாட்டேன். மறக்கவில்லை. ஆனால் நான் முகர்ந்திருந்தால் உங்கள் கையில் எந்த வாசனை இருந்தால் என்ன. இதை எந்தப் பக்கம் திருப்பிப் பிடித்தாலும் ஒரு முனை என்னைத்தான் குத்துகிறது. அண்ணி, அப்படியே பிடித்துக்கொண்டிருக்கிறேன், வேறு வழி தெரியவில்லை.

சாப்பாட்டு விஷயம்தான் சரிவரவில்லை. நான் எதிரில் உட்கார்ந்து முதல் வாய் சாப்பிட்டுக் காட்டினேன். அம்மா தட்டைத் தொடவில்லை. "நீ கோழி மாதிரி முழுங்குறே, அதுல எனக்கு என்ன தெரியும்" என்றாள். "அவ மெதுவா மென்னுட்டு, கையைத் துடைச்சுட்டு, அசையாம உக்காந்திருப்பா" என்றாள். யார் என்று நான் கேட்கவில்லை. அரைத் தட்டுதான் சாப்பிட்டாள், மூன்று நாளும்.

இன்றைக்குத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, "அங்க அவளுக்கு எதிர்ல யாரு உக்காருறா" என்றாள்.

"யாரும் இல்லம்மா" என்றேன்.

"அப்ப சாப்பிடுறாளா இல்லையா?"

"தெரியலையே."

"எழுதிக் கேளு."

"மன்னிச்சுட்டியாம்மா?" என்றேன்.

"சொன்னதை மட்டும் எழுது" என்றாள்.

எழுதிவிட்டேன். சாப்பிடுகிறீர்களா?


ஜூலை 20

கட்டெறும்புக்கு,

சாப்பிடுகிறேன், கவலைப்பட வேண்டாம் என்று முதலில் எழுதினேன். பிறகு அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

வேலையிடத்தில் மத்தியானம் ஒரு வேளை சாப்பிடுகிறேன். நாலு பேர் மேஜையில் உட்கார்ந்திருப்பதால் இறங்கிவிடுகிறது. வீட்டில் இல்லை. சமைக்கிறேன், தட்டில் போடுகிறேன், கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். முதல் வாய் சாப்பிட்டால் பார்க்க ஆள் இல்லை. எடுத்து மூடி வைத்துவிட்டு வீட்டைப் பெருக்குகிறேன். அத்தைக்கு இதை அப்படியே சொல், கூட்டியும் சொல்லாதே, குறைத்தும் சொல்லாதே.

என்னை வரச் சொல்லி நீங்கள் யாரும் எழுதவில்லை. தெரியும். ஆனாலும் அத்தை மூன்று நாளாக அரைத் தட்டு என்று எழுதிவிட்டாய், இனி நான் இங்கே எதை அடுக்கிக்கொண்டு இருப்பது. ஞாயிற்றுக்கிழமை பத்தரை பஸ்ஸில் வருகிறேன். ஒன்றும் சமைத்துக்கொண்டு வர மாட்டேன். நீயே சமை, நீயே பரிமாறு. எனக்குத் தட்டு வைக்க வேண்டாம் என்று அத்தை சொன்னால் வைக்காதே. அவர்கள் தட்டிலிருந்து ஒரு வாய் மட்டும் எடுத்துச் சாப்பிட்டுவிட்டு, எதிரில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறேன். அத்தை சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடுவேன்.

அண்ணி